முகநூல் பக்கம் போதுமா? எழுத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்குச் சொந்த இணைய முகவரி

கோரிப்பாளையம் எழுதியது:

தனியாக எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "வேலை எங்கே கிடைக்கும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை கொடுக்கலாமா என்று யோசிக்கிற ஒருவர் உங்கள் பெயரைக் கூகுளில் போட்டால் எங்கே போய் நிற்பார்? நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்கு ஒரு முகநூல் பக்கம் வருகிறது, அதில் கல்யாணப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், நடுவில் எங்கோ ஒரு கட்டுரையின் சுட்டி, அதைத் தட்டினால் பத்திரிகை தன் தளத்தை மாற்றிவிட்டதால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது.

எழுதிப் பிழைக்கிறவர் தன் எழுத்தைத் தனக்குச் சொந்தமான முகவரியில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சொந்த டொமைன் (உங்கள் பெயரில் பதிந்த இணைய முகவரி), அதில் ஒரே ஒரு பக்கம், உங்கள் எழுத்தில் நல்லது ஐந்தாறு, அந்த டொமைனிலேயே ஒரு மின்னஞ்சல். முகநூல், லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் எல்லாம் அங்கே ஆளைக் கூட்டிவரத்தான். அடுத்தவர் இடத்தில் கட்டியது எந்த நிமிடமும் போகும். ஜியோசிட்டீஸை 2009இல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது, யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில். டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று நம் அரசு தடை செய்தபோது, வருடக்கணக்காக அங்கே பேர் சம்பாதித்தவர்கள் மறுநாள் முதல் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

பத்திரிகைத் தளம் இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. நம் கட்டுரைகளும் அதற்குள்தான் அடக்கம்.

நொய்யல் எழுதியது:

அக்கா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனாலும் எனக்கு இது ஒத்துவரவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு விளம்பர வாசகம், அட்டைப் பெட்டி வாசகம், ஆங்கிலத்தில் சரக்கு விவரம் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஒருவர்கூட "உங்க வெப்சைட் என்ன?" என்று கேட்டதில்லை. ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்கு என் நம்பரை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார், அவ்வளவுதான் வேலை. முகநூலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு விளம்பர ஏஜென்சிகள் என்னைக் கூப்பிட்டன. யாரும் எட்டிப் பார்க்காத தளத்துக்கு வருடா வருடம் காசு கட்டிவிட்டு, அதைப் புதுப்பிக்கவில்லையே என்று மனசும் உறுத்த வேண்டுமா? அந்த நேரத்தில் முகநூலில் உருப்படியாக நாலு பதிவு போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் இல்லையா?

பழைய_பிழைதிருத்துநர் எழுதியது:

நொய்யல் தம்பி சொல்வது உள்ளூர் வேலைக்குச் சரி. வெளியூர், வெளிநாட்டு வேலைக்கு அது செல்லாது.

நான் சொல்ல வந்தது வேறு. சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள்கூட அதில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்திரிகையில் வந்த பக்கத்தைப் போனில் படம் பிடித்து, கொஞ்சம் கோணலாக, அப்படியே ஏற்றியிருப்பார்கள். தேடுபொறியை நம்பி அதை விட்டுவைக்க முடியாது, கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், போனில் படிக்கிறவர் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். சிலர் பக்கத்தின் பிடிஎஃப் கோப்பையே பத்திரிகையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். அதிலும் சிக்கல் இருக்கிறது. பல அச்சகங்களில் பக்க வடிவமைப்பு இன்னும் பழைய ஃபாண்டுகளில்தான் நடக்கிறது. திரையில் பார்க்க அழகான தமிழாக இருக்கும், ஒரு பத்தியைக் காப்பி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வந்து விழும். கூகுளுக்கும் அந்தக் குப்பைதான் தெரியும். உங்கள் கட்டுரையின் தலைப்பை அட்சரம் பிசகாமல் போட்டுத் தேடினாலும் உங்கள் பக்கம் வராது.

அதனால் யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறையில், மூலத்தை ஏற்றுங்கள். உங்கள் கையெழுத்துப் பிரதி கணினியில் இல்லை என்றால் ஸ்கேன் செய்த படத்தைக் கூகுள் டிரைவில் போட்டு டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். பழைய ஃபாண்டில் இருப்பதற்கு எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டிலும் ஒற்றெழுத்து விடுபடும், 'ர'வும் காலும் இடம் மாறும், வரிக்கு வரி படித்துத் திருத்தியே ஆக வேண்டும். எழுத்து வேலைக்கு ஆள் தேடுகிறவர் உங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பது பிழையைத்தான்.

வல்லை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மேலே ஐயா சொன்ன ஃபாண்ட் பிரச்சினை இங்கேயும் அப்படித்தான், எங்கட ஆட்களிடம் பழைய ஆக்கங்கள் பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய ஃபாண்டில் கிடக்கின்றன.

நொய்யல் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இங்கே முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் ஒருமுறை முடக்கினார்கள். வேலை தருகிறவரோடு வாட்ஸ்அப்பில் மட்டுமே கதைத்துப் பழகியவர்களுக்கு அந்த நேரம் அனுப்பிய ஆக்கம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக்கூட வழியில்லை. மின்னஞ்சல் வேலை செய்தது. அதிலிருந்து நான் வேலை தொடர்பான எதையும் மின்னஞ்சலில் ஒருமுறை எழுதி வைத்துவிடுவேன், பிறகு எங்கே வேண்டுமானாலும் கதைக்கலாம்.

கோரிப்பாளையம் எழுதியது:

நொய்யல், உள்ளூர் வேலை வாய்வழியாகத்தான் வரும், அதை நான் மறுக்கவே இல்லை. அங்கே தளம் வேலையைக் கொண்டு வராது, வந்த வேலையை உறுதி செய்யும். ஒரு ஏஜென்சிக்காரர் உங்கள் பெயரைத் தன் மேலதிகாரியிடம் சொல்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ஒரு சுட்டி வேண்டும். உங்கள் முகநூலில் பழைய பதிவைத் தேடிக் கீழே கீழே போய்க்கொண்டே இருக்க அவருக்கு நேரம் கிடையாது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, ரெஸ்யூமே திருட்டு. வெளிநாட்டு ஏஜென்சிகள் ஆள் தேடும் புரோஸ் போன்ற தளங்களிலிருந்தும் சொந்தப் பக்கங்களிலிருந்தும் ரெஸ்யூமே கோப்பை இறக்கி, பெயர், படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, ஏஜென்சிகளுக்கு அனுப்பும் கும்பல்கள் பல வருடமாக இயங்குகின்றன. வேலையை வாங்கி, இயந்திர மொழிபெயர்ப்பில் தள்ளி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கெட்ட பெயர் மட்டும் உங்களுக்கு. அவர்கள் தொடங்கும் முகவரியும் ஜிமெயில், உங்களுடையதும் ஜிமெயில் என்றால் எது அசல் என்று ஏஜென்சி எப்படிக் கண்டுபிடிக்கும்? உங்கள் பெயரிலேயே டொமைன் இருந்து, "இந்த முகவரியிலிருந்து மட்டுமே நான் எழுதுவேன்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், சந்தேகம் வந்தவர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். முழு ரெஸ்யூமேயைத் தளத்தில் போடவே போடாதீர்கள். கேட்பவர்களுக்கு, அவர்கள் யார் என்று பார்த்துவிட்டு, அவர்கள் பெயரும் தேதியும் போட்ட பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

செலவு பற்றி. டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் இடத்துக்கு, கொடுக்க முடியவில்லை என்றால் பிளாக்கரில் சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம். பார்க்கப் பழைய மாதிரி இருக்கும், இருக்கட்டும். உங்களைத் தேடி வந்தவர் எழுத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

கொள்ளிடம் எழுதியது:

டொமைன் வாங்குகிறவர்கள் தயவுசெய்து உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், உங்கள் கையால் வாங்குங்கள். எனக்குத் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே பதிந்து வைத்திருந்தார். வேறு ஆளிடம் மாறலாம் என்று கேட்டபோது முதலில் போனை எடுக்கவில்லை, அப்புறம் 'பராமரிப்புக் கட்டணம்' என்று ஒரு தொகை சொன்னார். என் பெயரை என்னிடமே விலைக்கு விற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். தளத்தை யார் வேண்டுமானாலும் வடிவமைக்கட்டும், டொமைன் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். டொமைனை ஒரு பதிவாளரிடமிருந்து (டொமைன் விற்கும் நிறுவனம்) இன்னொருவரிடம் மாற்றினால் அடுத்த 60 நாள் பொதுவாக மறுபடி மாற்ற முடியாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி_கரை எழுதியது:

எல்லாரும் சொல்வது புரிகிறது அக்கா, என் பயம் வேறு. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண். முகநூலில் என் நம்பர் தெரிந்த ஒரே வாரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" வர ஆரம்பித்துவிட்டது. தளம் என்று ஒன்று வைத்தால் போன் நம்பர், போட்டோ, ஊர் எல்லாம் போட்டாக வேண்டுமா? புனைபெயரில் வைத்தால் மதிப்பார்களா? இன்னொன்று, நான் இதுவரை செய்ததில் பாதி கம்பெனி ஆவணங்கள், வெளியே காட்டக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மீதி, பத்திரிகையில் வந்தது. அதை நானே என் தளத்தில் போட்டால் கேஸ் போடுவார்களா?

கோரிப்பாளையம் எழுதியது:

நம்பர் வேண்டாம்மா. போடவே வேண்டாம். மின்னஞ்சலும் ஒரு தொடர்புப் படிவமும் போதும். பேசியே ஆக வேண்டும் என்பவருக்கு வேலைக்கென்று தனி சிம், அதை ராத்திரி அணைத்துவிடலாம். யுபிஐ முகவரியைக் கவனியுங்கள், பல செயலிகள் போன் நம்பரையே முகவரியாக வைத்துவிடும். பில்லில் அதைப் போட்டால் நம்பரைக் கொடுத்த மாதிரிதான். எழுத்தால் ஆன வேறு முகவரி ஒன்றை அந்தச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம், அல்லது வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் கொடுங்கள். ஊர் பெயர் மாவட்ட அளவில் போதும், தெரு வேண்டாம். போட்டோ உங்கள் விருப்பம்.

புனைபெயரைப் பற்றித் தமிழில் கேட்கவே வேண்டாம், நம் எழுத்து மரபே அதில்தான் வளர்ந்தது. எந்தப் பெயரில் எழுதுகிறீர்களோ அந்தப் பெயரிலேயே டொமைன் வாங்குங்கள். பில் மட்டும் பான் அட்டையில் உள்ள பெயரில் போக வேண்டும், வேலை கொடுத்தவர் பிடித்த வரி அந்தப் பான் எண்ணின் பேரில்தான் ஏறும். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தையும் ஒன்றாக முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். நம் பெயர்களை நாலு விதமாக எழுதலாம், எழுதினால் தேடலில் நாலு ஆளாகச் சிதறிப்போவீர்கள்.

பத்திரிகைக் கட்டுரை விஷயம் எனக்கு முழுசாகத் தெரியாமல் சொல்லக்கூடாது, அதைப் படித்தவர் யாராவது சொல்லட்டும்.

வழக்குரை எழுதியது:

இந்தியாவுக்கு மட்டும் சொல்கிறேன், வல்லை நண்பருக்கு அவர்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் தனி.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர்தான். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எழுதியதற்கு 17ஆம் பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. வெளியிலிருந்து கட்டுரை அனுப்புகிறவருக்கு அது பொருந்தாது. நீங்கள் உரிமையைப் பத்திரிகைக்கு மாற்றிக் கொடுத்ததாக அவர்கள் சொன்னால், 19ஆம் பிரிவின்படி உங்கள் தரப்புக் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் சொல்லவில்லை என்றால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும், எல்லை சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியவர் நான்தான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. ஆக முதல் வேலை, அனுப்பிய மின்னஞ்சலையும், ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் தேடி எடுத்து வாசிப்பது. ஒன்றும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். ஆனாலும் வெளியாகிக் கொஞ்ச நாள் கழித்து, ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிச் சொல்லிவிட்டு, "இன்ன இதழில், இன்ன மாதம் வெளியானது" என்ற குறிப்போடு போடுவதுதான் நல்லது. அடுத்த கட்டுரைக்கும் அவரிடம்தான் போக வேண்டும். பத்திரிகையின் பக்க வடிவமைப்பும் ஓவியமும் உங்களுடையவை அல்ல, எழுத்தை மட்டும் எடுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் உரிமையாளரிடம் அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. கம்பெனி ஆவணங்களைத் தொடவே தொடாதீர்கள்.

பெயரில்லா_பேனா எழுதியது:

தாமிரபரணி, உங்கள் நிலைமையில்தான் நானும் இருக்கிறேன். மற்றவர்கள் பெயரில் உரை எழுதிக் கொடுப்பது, கம்பெனித் தலைவர்களுக்கு லிங்க்ட்இன் பதிவு எழுதுவது, இதுதான் என் பிழைப்பு. எதையும் "என்னுடையது" என்று காட்ட முடியாது. அதனால் காட்டுவதற்கென்றே எழுதுகிறேன். இல்லாத ஒரு கடைக்கு விளம்பரம் என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதில் சவால் எதுவும் கிடையாது, படிக்கிறவருக்கும் அது தெரிந்துவிடும். உண்மையான ஒன்றை எடுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்கள் நமக்கு இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே நிறையப் படிக்கலாம். அதில் கடினமான ஒரு பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்றால் காந்தி நேரடியாக ஆங்கிலத்தில் எழுதியவை பதிப்புரிமை முடிந்து 2009 முதல் இந்தியாவில் பொதுவில் இருக்கின்றன. கீழே பத்து வரியில், எந்த இடத்தில் ஏன் அப்படிப் பெயர்த்தீர்கள் என்று எழுதுங்கள். என்னைத் தேடி வந்த பதிப்பாசிரியர்கள் அந்தப் பத்து வரியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

செய்த வேலையைப் பெயர் சொல்லாமல் விவரிக்கலாம். "ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு நோயாளிகள் ஒப்புதல் படிவங்கள், ஆங்கிலத்திலிருந்து தமிழ்" என்றால் யாருடைய ரகசியமும் போகாது. இதைக்கூடச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், பெரும்பாலும் தருகிறார்கள்.

நொய்யல் எழுதியது:

ரெஸ்யூமே திருட்டு எனக்குப் புதுச் செய்தி அக்கா, அதைக் கேட்ட பிறகு மின்னஞ்சலுக்காவது டொமைன் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். தளம் வந்ததும் சிலர் முகநூலில் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், கிளையன்ட் பார்ப்பார், அரசியல் பேசாதே, சாதியைப் பற்றி எழுதாதே என்று. எழுதுகிறவனுக்குக் கருத்து இருக்கக்கூடாதா? அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்த பக்கத்தில் என்ன எழுத்து இருக்கும்?

கோரிப்பாளையம் எழுதியது:

கருத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. நானும் ஒளிப்பதில்லை, அதனால் போன வேலைகள் உண்டு, போகட்டும். நான் கவனிப்பது வேறு ஒன்றை. வேலை கொடுத்தவரைப் பற்றிப் பொதுவில் எழுதுவதும், பணம் வராத கோபத்தில் அவர் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதும். கோபம் நியாயமாகவே இருக்கும், ஆனால் அடுத்து உங்களைத் தேடி வருகிறவர் அதில் தன் ஆவணத்தைத்தான் பார்ப்பார். பணம் வரவில்லை என்றால் எழுத்தில் நினைவூட்டல், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். கருத்துக்கு வந்தால் தாராளமாக எழுதுங்கள், சண்டை போடுங்கள், பெயர் போட்டே போடுங்கள்.

வல்லை எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி அக்கா. பத்திரிகைத் தளத்தில் இப்போது கிடைக்கும் ஆக்கங்களுக்குச் சுட்டி மட்டும் கொடுத்தால் போதுமா, முழுவதையும் ஏற்ற வேண்டுமா?

பழைய_பிழைதிருத்துநர் எழுதியது:

இரண்டும் செய்யுங்கள். வெளியான அன்றே இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தச் சுட்டியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், காசு இல்லை, ஒரு நிமிட வேலை. சந்தா கட்டிப் படிக்கிற பக்கமாக இருந்தால் அதில் முழுதாகச் சேராது, அதனால் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் முதல் இரண்டு பத்தியும் சுட்டியும் இருக்கட்டும், சுட்டி செத்த அன்றைக்கு முழுக் கட்டுரையை ஏற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சுட்டியையும் தட்டிப் பாருங்கள்.

தாமிரபரணி_கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. புனைபெயரிலேயே டொமைன் பார்த்துவிட்டேன், இருக்கிறது. இன்று ராத்திரி வாங்கப் போகிறேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா அக்கா?

கோரிப்பாளையம் எழுதியது:

நல்லதும்மா, வாங்குங்கள். முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள், அங்கேதான் பிடிப்பார்கள். முடிந்தால் ஒரேயடியாக மூன்று வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதிமுறை வந்த பிறகு, வெளிநாட்டுப் பதிவாளர்கள் நம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பல நேரம் நின்றுபோகிறது, கார்டு பழசாகி மாறினாலும் அதே கதி. காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போன் நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள்.

இன்னொன்று, பதிவாளரின் கணக்கில் உங்கள் தொடர்பு மின்னஞ்சலாகப் புது டொமைன் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், "புதுப்பியுங்கள்" என்று அவர்கள் அனுப்புகிற கடிதமும் கடவுச்சொல்லை மாற்றும் சுட்டியும் உங்களுக்கு வந்தே சேராது. அதற்கு மட்டும் உங்கள் ஜிமெயிலைக் கொடுங்கள்.